பழைய ப்ளூ ரே பிளேயர் வாங்கலாமா? வீட்டு சிடியைக் கையோடு எடுத்துட்டுப் போங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கீழ் கோத்தகிரி வட்டாரக் குழு உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் கூடும்போதெல்லாம் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், பச்சைத் தேயிலை விலை என்றுதான் பேசுகிறோம். இன்றைக்கு வீட்டுக்குள்ளே இருக்கிற ஒரு பொருளைப் பற்றிப் பேசப் போகிறோம். குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது சகோதரிகள் நம்மிடம் கேட்கிற கேள்வி இது: "எங்க வீட்டு டெக் ரிப்பேர் ஆகிடுச்சு. புதுசு எங்கேயும் கிடைக்கலை. பழைய ப்ளூ ரே பிளேயர் குறைஞ்ச விலைக்கு வருதாம். எல்லா சிடியும் ஓடும்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

இது சின்ன கேள்வி மாதிரி தெரியும். ஆனால் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் என்பது நமக்கு எத்தனை நாள் இலை பறித்த கூலி என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடுவோம்.

இத்தனை சிடி எப்படி வந்தது?

2006 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குல டிவி. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் டிவிடி பிளேயர் விலையும் குறைந்தது. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும், டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. டிவி வந்தது, பக்கத்திலேயே டெக்கும் வந்தது. கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, ஹெத்தையம்மன் பண்டிகை, பள்ளி ஆண்டு விழா எல்லாமே அந்தக் காலத்தில் சிடியில்தான் பதிவானது.

இப்போது நிலைமை வேறு. சாம்சங், எல்.ஜி. போன்ற பெரிய நிறுவனங்களே ப்ளூ ரே பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகிவிட்டன. பதிவு செய்யும் ப்ளூ ரே தட்டுகளைச் சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. மோசர் பேர் நிறுவனத்தை மூட 2018-ல் உத்தரவு வந்தது. சிடி மட்டும் நம் வீட்டுப் பெட்டியில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்க வழி இல்லாததால்தான் பழைய பிளேயரைத் தேடுகிறோம்.

முதலில் வீட்டில் இருப்பது என்ன சிடி?

நம்ம ஊரில் எல்லாத்துக்கும் 'சிடி' என்றுதான் பேர். உண்மையில் மூன்று வகை உண்டு. மூன்றும் ஒரே அளவு, ஒரே வட்டம். அதனால்தான் குழப்பம்.

ஒன்று, விசிடி. ஒரு தட்டில் ஒன்றேகால் மணி நேரம் வரைதான் பிடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ இரண்டு, மூன்று தட்டாக வரும். இரண்டாவது, டிவிடி. விசிடியைப் போல ஆறேழு மடங்கு கொள்ளும், படமும் தெளிவு. மூன்றாவது, ப்ளூ ரே. 2006-ல் சந்தைக்கு வந்தது. டிவிடியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கொள்ளும். பெரிய புது டிவியில் பார்த்தால் படம் மிகத் தெளிவாக இருக்கும்.

உள்ளே ஒளிக்கதிர் பட்டுத்தான் தட்டு படிக்கப்படுகிறது. சிடிக்கும் விசிடிக்கும் ஒரு கதிர், டிவிடிக்கு இன்னொரு சிவப்புக் கதிர், ப்ளூ ரேக்கு நீல ஊதாக் கதிர். அந்த நீலத்தால்தான் அதற்கு 'ப்ளூ ரே' என்று பெயர். பழைய பிளேயரில் ஒரு கதிர் பழுதாகி மற்றது வேலை செய்யலாம். டிவிடி ஓடும், ப்ளூ ரே ஓடாது. அல்லது நேர்மாறாக நடக்கும். கடைக்காரர் ஒரு தட்டைப் போட்டு ஓட்டிக் காட்டினால், அந்த வகை ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

முக்கியமான விஷயம் இன்னொன்று. ப்ளூ ரே பிளேயர் டிவிடியை ஓட்டும். ஆனால் எல்லா ப்ளூ ரே பிளேயரும் விசிடியை ஓட்டாது. நம் வீடுகளில் அதிகம் இருப்பதோ விசிடிதான்! ஆகவே "எல்லாம் ஓடும்" என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

ஒரு சகோதரியின் அனுபவம்

நம் பகுதியில் ஒரு குழு உறுப்பினர். பெயர் வேண்டாம். அவருடைய அம்மா, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சின்ன வயதில் இங்கே வந்தவர். தோட்டத்தில் வேலை பார்த்தே பிள்ளைகளை வளர்த்தார். மகளுடைய கல்யாணத்தில் நலங்குப் பாட்டுப் பாடினார். அவர் இறந்த பிறகு அவருடைய குரல் இருப்பது அந்தக் கல்யாண விசிடியில் மட்டும்தான். இப்போது பேத்திக்கு வரன் பேசி முடித்திருக்கிறார்கள். "பாட்டி பாடினதை நான் கேட்டதே இல்லையேம்மா" என்று பெண் கேட்கிறாள். வீட்டு டெக்கோ ஓடவில்லை.

ஒரு கடையில் பழைய ப்ளூ ரே பிளேயர் விலை பேசினார்கள். அந்தச் சகோதரி புத்திசாலி. பணம் எண்ணும் முன்னால் பையில் வைத்திருந்த கல்யாண விசிடியை எடுத்து, "இதைப் போட்டுக் காட்டுங்க" என்றார். பிளேயர் ஏற்கவில்லை. வேறொரு தட்டைப் போட்டார்கள், அதுவும் இல்லை. கடைக்காரர் காட்டிய சினிமா டிவிடி மட்டும் அருமையாக ஓடியது. "எனக்கு சினிமா பார்க்க வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பிறகு பக்கத்து ஊரில் உறவினர் வீட்டுப் பழைய டிவிடி பிளேயரில் முதல் இரண்டு தட்டும் ஓடின. நலங்குப் பாட்டு இரண்டாவதில் இருந்தது. மூன்றாவது தட்டு ஈரத்தில் வெள்ளிப் பூச்சு உரிந்து போயிருந்தது, அதில் இருந்தது திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்த இரண்டையும் உடனே கம்ப்யூட்டரில் போட்டு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார்கள். இன்னும் இரண்டு மழைக்காலம் தள்ளிப் போட்டிருந்தால் இரண்டாவதும் என்ன ஆகியிருக்குமோ!

டிவிக்குப் பின்னால் பாருங்க

பிளேயர் வாங்கப் போகும் முன் வீட்டு டிவியின் பின்பக்கத்தை ஒரு முறை பாருங்க. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வட்டமான துளைகள் இருந்தால் அது ஏ.வி. இணைப்பு. சில சின்ன டிவிகளில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கும். அரசு கொடுத்த டிவி மாதிரி பழைய டிவிகளில் இந்த வட்டத் துளைகள்தான். தட்டையாக, அகலமாக ஒரு துளை இருந்தால் அது எச்.டி.எம்.ஐ. புது எல்.இ.டி. டிவிகளில் அது இருக்கும்.

ஏன் சொல்கிறோம் என்றால், சினிமாத் தட்டுகளைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைத் தடுக்க ஒரு விதி கொண்டு வந்தார்கள். அதன்படி 2013 முடிந்த பிறகு தயாரான ப்ளூ ரே பிளேயர்களில் பழைய டிவிக்கான ஏ.வி. வழி நிறுத்தப்பட்டது. அதனால் புதிய மாடலை வாங்கி வந்தால் பழைய டிவியில் மாட்டவே முடியாது. பழைய டிவி வைத்திருப்பவர்களுக்கு அதற்கு முந்தைய பழைய பிளேயர்தான் பொருந்தும். வாங்கி வந்த பிறகு ஒயர் மாட்ட இடமில்லாமல் பரண் மேல் ஏறிய பிளேயரை நாம் பார்த்திருக்கிறோம். இடையில் மாட்டும் கன்வெர்ட்டர் உண்டு. அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும், செலவும் கூடும்.

இன்னொன்று, 14 அங்குலப் பழைய டிவியில் ப்ளூ ரேயின் தெளிவு தெரியவே தெரியாது. சாதாரண டிவிடி அளவில்தான் படம் வரும். ஆகவே பழைய டிவியும், வீட்டில் விசிடி, டிவிடியும் மட்டும் இருந்தால் ப்ளூ ரே தேவையே இல்லை. நல்ல நிலையில் ஒரு பழைய டிவிடி பிளேயரே போதும்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. வீட்டிலிருந்து வகைக்கு ஒரு தட்டு எடுத்துப் போங்க. ஒவ்வொன்றையும் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் ஓட்டிப் பாருங்க. பழுதான பிளேயர் பெரும்பாலும் தட்டின் ஓரத்தைப் படிக்கும்போதுதான் திணறும். அது கடைசிப் பகுதி.

2. குறைந்தது அரை மணி நேரம் ஓடட்டும். சூடானதும் நின்று போகிற பிளேயர்கள் உண்டு. அவசரப்படுத்தினால் "நாளைக்கு வர்றோம்" என்று சொல்லுங்க.

3. தட்டு வைக்கும் தட்டம் தானாகத் திறந்து மூடுகிறதா என்று பத்து முறை பாருங்க. உள்ளே ரப்பர் பெல்ட் இருக்கிறது. நம்ம ஊர்க் குளிரில் பழைய ரப்பர் இறுகிவிடும்.

4. ரிமோட் இல்லாமல் வாங்காதீங்க. பிளேயர் முகப்பில் இரண்டு மூன்று பொத்தான்தான் இருக்கும். மொழி, பட அளவு எல்லாம் ரிமோட்டில்தான் மாற்ற முடியும்.

5. பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் வோல்ட் அளவைப் பாருங்க. 100-240 என்று இருந்தால் பயமில்லை. அமெரிக்கா, ஜப்பானிலிருந்து வந்த சில பிளேயர்களில் 120 அல்லது 100 மட்டும் இருக்கும். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். மாட்டினால் அப்போதே கருகிவிடும்.

6. வெளிநாட்டில் வாங்கிய பிளேயரா என்று கேளுங்க. சினிமாத் தட்டுகளுக்கு மண்டலக் குறி உண்டு. இந்தியாவுக்கு டிவிடியில் 5, ப்ளூ ரேயில் 'சி'. வளைகுடா நாடுகளுக்கு டிவிடியில் 2, ப்ளூ ரேயில் 'பி'. குறி பொருந்தாவிட்டால் படம் ஓடாது. நம் கல்யாணத் தட்டுக்கு மண்டலக் குறி கிடையாது, அந்தக் கவலை வேண்டாம்.

7. பில் கேளுங்க. மாடல் பெயர், தேதி, எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று எழுதி வாங்குங்க. பில் இருந்தால் ஏமாற்றப்படும்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முறையிடலாம்.

ப்ளூ ரே தட்டு போட்டதும் ஓட அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். அது பழுதில்லை. ஆனால் பழைய பிளேயரில் பின்னாளில் வந்த ப்ளூ ரே சினிமாத் தட்டுகள் சில ஓடாமல் போகலாம். பாதுகாப்புக் குறியீட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பிளேயருக்கு அப்டேட் வேண்டியிருக்கும். கைவிட்ட மாடலுக்கு அப்டேட் கிடைப்பது கஷ்டம்.

கடன் வாங்கி வாங்கலாமா?

குழுவில் உள்கடன் கேட்கும்போது என்ன காரணம் என்று தீர்மான நோட்டில் எழுதுகிறோம். இதற்கும் அந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். 2,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் எடுத்து, மாதம் 200 வீதம் பத்து மாதத்தில் கட்டினால் வட்டி மட்டும் 220 ரூபாய். கன்று வாங்கினால் பால் வரும். தையல் மிஷின் வாங்கினால் கூலி வரும். பிளேயரால் ஒரு ரூபாயும் வராது. அதனால் இதற்குக் கடன் வேண்டாம் என்பதே நம் கருத்து. கையில் சேர்ந்த பணமிருந்தால், வீட்டில் எல்லோரும் பேசி, பெண்ணின் சம்மதத்தோடு வாங்கட்டும். "பையன் கேட்டான், அவர் சொல்லிட்டார்" என்று நம் சேமிப்பை எடுத்துக் கொடுப்பது முறையல்ல.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு குழுவில் 12 பேரும் ஆளுக்கொன்று வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஓடுகிற ஒரு பிளேயர் ஊரில் இருந்தால், முறை வைத்து எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்து, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று எழுதி வைக்கலாம். பழைய பயிற்சி சிடிகள் குழுவில் இருந்தால் கூட்டத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

மின்சாரச் செலவு பெரிதில்லை. சுமார் 20 வாட் எடுக்கும் பிளேயர் 50 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட்.

நம்ம ஊர் மூடுபனிக்கு என்ன செய்வது?

சமவெளியில் தூசி பிரச்சினை என்றால் இங்கே ஈரம்தான் பிரச்சினை. ஆனி, ஆடி மாதத்து மூடுபனி, ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டிலும் சுவரே கசிகிறது. குளிரிலிருந்து பிளேயரைச் சூடான அறைக்குள் கொண்டு வந்ததும் மாட்டாதீங்க. உள்ளே லென்ஸ் மேல் நீர் படிந்திருக்கும். ஒரு மணி நேரமாவது அப்படியே விடுங்க.

விறகடுப்புப் புகை படும் சுவரில் வைக்காதீங்க. பிளேயருக்கு மேலே துணியோ, செட்டாப் பாக்ஸோ வைக்காதீங்க, காற்றோட்டம் வேண்டும். இடி மழை நேரத்தில் பிளக்கையே பிடுங்கி வைங்க. சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

சிடியை அழுத்தமான உறையில் நிற்க வைத்து, மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்க. செருப்பு டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைக் கூடவே போடுங்க. துடைக்க வேண்டுமானால் சுத்தமான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கணும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். விசிடியில் படம் இருப்பது எழுத்துள்ள மேல்பக்கத்துக்கு ஒட்டி. அதனால் மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீங்க. பிளேயரைத் திறந்து ஒளிக்கதிரைப் பார்ப்பதும் கண்ணுக்கு ஆபத்து. பிள்ளைகளைத் தூர வையுங்க.

பிரதி எடுப்பதுதான் முக்கியம்

சகோதரிகளே, எவ்வளவு நல்ல பிளேயர் வாங்கினாலும் அது இன்னும் சில வருடம்தான். வீட்டில் பதிவு செய்த தட்டில் இருப்பது ஒரு சாயப் பூச்சு. வெயிலிலும் ஈரத்திலும் அது மங்கும். ஆகவே பிளேயர் வாங்குகிறோமோ இல்லையோ, பிரதி எடுப்பதைத் தள்ளிப் போடாதீங்க.

பிளேயரில் பென் டிரைவ் சொருகும் இடம் இருக்கும். "அதில் போட்டு ஏத்திக்கலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பிளேயர்களில் அது பார்ப்பதற்கு மட்டும்தான், தட்டிலிருந்து பதிவு செய்யாது. டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில்தான் பிரதி எடுக்க வேண்டும். புது லேப்டாப்பில் அந்த டிரைவ் இருப்பதில்லை. பழைய கம்ப்யூட்டர் உள்ள ஸ்டுடியோவிலோ, பிரவுசிங் கடையிலோ கேளுங்க.

அங்கே ஒரு எச்சரிக்கை. மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு வீடியோக்களில் நம் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். தட்டைக் கொடுத்துவிட்டு "நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று வராதீங்க. கூட ஒருவரை அழைத்துப் போய், முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்க. வேலை முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லுங்க. அழித்ததைக் கண்ணால் பாருங்க. மூலத் தட்டைத் திரும்ப வாங்கிக்குங்க. கூச்சப்பட வேண்டாம், இது நம் உரிமை.

பிரதி இரண்டாக இருக்கட்டும். ஒன்று நம் வீட்டில், ஒன்று அம்மா வீட்டிலோ மகள் வீட்டிலோ. 2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது, எத்தனை வீடு போனது என்று நமக்கு மறக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பது நல்லதில்லை.

சினிமாத் தட்டு வாங்கும்போது திருட்டு டிவிடி வேண்டாம். தமிழ்நாட்டில் 2004-லேயே திருட்டு விசிடி வியாபாரத்தைக் குண்டர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். குழுப் பெண்கள் அதைச் சில்லறையாக விற்கும் வேலையிலும் இறங்க வேண்டாம். கெட்டுப்போன தட்டையும் பிளேயரையும் அடுப்பில் போட்டு எரிக்காதீங்க. நச்சுப் புகை வரும். தேயிலைக் காட்டிலும் ஓடையிலும் வீசாமல், மின்கழிவு சேகரிப்பவர்களிடம் சேர்த்து அனுப்புவோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, எத்தனை தட்டு, எந்த வகை, யாருடைய விசேஷம் என்று ஒரு நோட்டில் எழுதுங்க. எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்க. யாருக்குப் பிளேயர் தேவை, யாருக்குப் பிரதி மட்டும் போதும் என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம். கோடு போட்ட தட்டுகளுக்கு முதலில் பிரதி எடுப்போம். மழைக்கு முன்னால் இந்த வேலை முடியணும்.